வெள்ளச்சியின் ஏப்பம்

நெய்வேலி, 18-வது வட்டம்
6 ஜூலை 2025

அன்புள்ள தமயந்திக்கு,

முதலில் மன்னிப்பு. போனில் என் எண்ணைத் தடுத்து வைத்துவிட்டாய். உன் வீட்டுக்காரரை அழைத்தால், "அவ வூட்ல இல்லீங்க" என்கிறார். பின்னால் நீ மாட்டை அதட்டுவது நன்றாகவே கேட்கிறது. அதனால்தான் கடிதம். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் உனக்கு நான் சீட்டு எழுதிப் போட்டதற்குப் பிறகு, உனக்குக் கைப்பட எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில், அத்தனை பேர் முன்னால், "இலவசமா குடுத்த தூள வித்துட்டியே, தமயந்தி" என்று நான் கேட்டது தவறு. கேட்ட விதம் தவறு. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் என் பக்கத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார். மாடு அசைபோடும்போது வயிற்றில் மீத்தேன் வாயு உண்டாகி ஏப்பமாக வெளியே வருகிறது. அது வானத்தைச் சூடாக்குகிற வாயு. புளியங்கொட்டைத் தோலும் கடற்பாசியும் அரைத்த எங்கள் தூளைத் தீனியில் கலந்தால் அது குறைகிறதா என்று பார்க்கத்தான் இந்த ஆய்வு. குறைந்ததா என்று தெரிய வேண்டுமானால் தூள் தின்ற மாடும் வேண்டும், தின்னாத மாடும் வேண்டும். அதற்காகத்தான் சொசைட்டியில் சீட்டுக் குலுக்கினோம். உன் வீட்டுக்குத் தூள் விழுந்தது. பக்கத்து வீட்டுச் செங்கமலத்துக்கு விழவில்லை.

மாடுகளின் கழுத்தில் குப்பி கட்டி மூச்சுக்காற்றைப் பிடித்துப் பார்த்தால், தூளே தின்னாத செங்கமலத்தின் மாடு வெள்ளச்சிக்கும் வாயு குறைந்திருக்கிறது. உன்னிடம் கொடுத்த மூட்டையோ, முடிய வேண்டிய நாளுக்கு வெகு முன்பே காலி. தூள் வைத்தால் பால் கெட்டியாகிறது என்று ஊரில் பேச்சு வேறு, காசு கொடுத்து வாங்கவும் ஆள் இருக்கும். நான் என்ன நினைத்திருக்க முடியும், சொல்?

இது எனக்கு வெறும் வேலை இல்லை என்று உனக்குத் தெரியும். கரிப்புகை நம் பேரன் பேத்தி காலத்துக்கும் வானத்தில் நிற்கும். மாட்டின் ஏப்பம் அப்படி இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடங்களில் பெரும்பாலும் கரைந்துவிடும். இப்போது குறைத்தால் பலனை நாமே கண்ணால் பார்க்கலாம் என்பதால்தான் இதில் இத்தனை பிடிவாதம் எனக்கு.

கோபத்தை விடு. வெள்ளச்சிக்கு எவ்வளவு தூள் போனது, எப்போதிலிருந்து என்று மட்டும் எழுது. ஒரு வரி போதும்.

உன் தோழி,
வினோலியா


குறிஞ்சிப்பாடி வழி, மேட்டுத்தெரு
13 ஜூலை 2025

மதிப்பிற்குரிய வினோலியா மேடம் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. பதிலைப் பால் வண்டி வேலுமணி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். தபாலைவிட அவர் சீக்கிரம் வருவார், உறையையும் பிரிக்க மாட்டார்.

உங்கள் மன்னிப்பு முதல் வரியில் இருக்கிறது. கேள்வி கடைசி வரியில் இருக்கிறது. நடுவில் மாட்டு வயிற்றைப் பற்றி ஒரு பாடம். தபால்தலை எதற்காக ஒட்டப்பட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

நீங்கள் ஜீப்பில் ஏறிப் போன பிறகு இங்கே நடந்ததைச் சொல்கிறேன். சொசைட்டியில் பாலுக்கு டிகிரி பார்ப்பது என் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். யார் பாலில் தண்ணீர் என்று நான் சொன்னால், அவர்கள் முகம் சுருங்குமே தவிர மறுபேச்சு வந்ததில்லை. அதற்கு ஒரே காரணம், என் கை சுத்தம் என்று ஊர் நம்பியதுதான். மறுநாள் காலை தலைவர் சிங்காரவேல் அண்ணன் வந்து டெஸ்ட் ரூம் சாவியைக் கேட்டார். "விசாரிச்சி முடியட்டும்மா" என்று என் முகத்தைப் பார்க்காமல் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கொடுத்துவிட்டேன். தூளை விற்றவள் பாலில் மட்டும் யோக்கியமாக இருப்பாளா என்று வரிசையில் ஒரு பெண் கேட்டாளாம். போன மாதம் நான் தண்ணீர் கண்டுபிடித்த பால் அவளுடையது. இனி அவள் பாடு கொண்டாட்டம்தான்.

அங்கே போய் நின்று பால் ஊற்ற எனக்கு முகம் இல்லை. குள்ளஞ்சாவடி டீக்கடைக்குக் கொண்டுபோய் ஊற்றுகிறேன்.

எங்கள் வாசலில் நின்றால் உங்கள் ஊர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரியும். என் வீட்டுக்காரர் கான்ட்ராக்டில் அதன் கீழேதான் வேலை பார்க்கிறார், அதனால் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நீங்கள் படித்ததும் உங்கள் அப்பாவுக்கு அங்கே வந்த சம்பளத்தில்தான். ஆனால் இத்தனை பெரிய ஆகாசம் கெட்டுப்போனதற்குக் கடைசியில் விசாரணையில் நின்றது நானும் என் மாடுகளும்தான். அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, பிறகு வேறு ஏதோ வருகிறது.

உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வாயால் திருடி என்று பட்டம் வாங்கிய
தமயந்தி


நெய்வேலி
27 ஜூலை 2025

தமயந்தி,

மேடம் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு பக்கம் திட்டி எழுதியிருந்தாலும் இவ்வளவு உறைத்திருக்காது.

நானும் கோபமாகத்தான் ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள். நீ ஏன் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை? நான் கேட்டேன். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். சிங்காரவேல் அண்ணன் செங்கமலத்தைப் பார்த்து, "உன் மாட்டுக்குத் தூள் எப்பிடி வந்திச்சி?" என்றார். அவள், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள். நீ அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாய். அதைத்தான் நான் குற்றம் செய்தவளின் முகம் என்று எடுத்துக்கொண்டேன். நீ ஒரே ஒரு வார்த்தை "இல்லை" என்று சொல்லியிருந்தால் நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் நிறுத்தியிருப்பேனா என்று தெரியவில்லை.

எங்கள் மணிமொழி மேடம்தான் ஆய்வுக்கு மேலதிகாரி. ஒரு வீட்டில் குழப்பம் என்றால் அந்த ஊரையே கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும், காரணத்தை ஒரு வரியில் எழுது என்றார். "விவசாயி தீவனத்தை வெளியாருக்குக் கொடுத்துவிட்டார்" என்று எழுதினேன். பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை, படிக்கிறவர்களுக்கு யார் என்று தெரிந்துவிடும். இன்னும் அனுப்பவில்லை. ஒவ்வொரு நாளும் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன்.

அப்பா தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும், "பர்மனென்ட் பண்ணுவாங்களாம்மா?" என்று கேட்கிறார். அவருக்கு மீத்தேனும் தெரியாது, நீயும் நானும் பேசிக்கொள்வதில்லை என்பதும் தெரியாது. "அந்தத் தமயந்திப் பொண்ணு கொண்டாந்த மோர் மாதிரி வராது" என்று நேற்றுகூடச் சொன்னார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை உன்னை நேரில் பார்த்துப் பேசிவிடலாம் என்று பஸ் ஏறினேன். குள்ளஞ்சாவடியில் இறங்கும்போது, டீக்கடை வாசலில் நீ பால் கேனுடன் நின்றுகொண்டிருந்தாய். கடைக்காரன் உன் பாலை விரலில் தொட்டு நக்கிப் பார்த்து, தண்ணீர் இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தான். ஊர்ப் பாலுக்கெல்லாம் டிகிரி பார்த்தவள், உன் பாலை எவனோ விரல் விட்டுப் பார்க்க, கேனைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நின்றிருந்த பஸ்ஸுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். அடுத்த வண்டியில் திரும்பி வந்துவிட்டேன்.

செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்ல, கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். என் முறை வந்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். சாமியாரிடம் சொல்லி, அவர் மன்னித்து, நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்து சாப்பிட்டால், உனக்கு என்ன கிடைத்தது?

இந்த முறை கேள்வி எதுவும் கேட்கவில்லை.

வினோ


மேட்டுத்தெரு
3 ஆகஸ்ட் 2025

வினோ,

பஸ்ஸுக்குப் பின்னால் நீ ஒளிந்ததைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு அடியில் உன் செருப்பு தெரிந்தது. தீபாவளிக்கு நாம் சேர்ந்து கடலூரில் வாங்கியது, எனக்குத் தெரியாதா? நீ வருவாய் என்று கேனைக் கழுவுவதுபோல் கொஞ்ச நேரம் நின்றேன். பஸ் நகர்ந்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் உன் கழுத்தில் ஒரு குப்பியைக் கட்டியிருப்பேன்.

ஆனாலும் கேள்வி இல்லாமல் ஒரு கடிதம் எழுதியிருக்கிறாய். அதனால் பதில் சொல்கிறேன். படித்ததும் கிழித்துவிடு.

வாரத்துக்கு மாடு விடுவது என்றால் உனக்குத் தெரியுமா? குவார்ட்டர்ஸில் பாக்கெட் பால் குடித்து வளர்ந்தவளுக்குத் தெரிந்திருக்காது. மாடு இருக்கிறவர்கள், இல்லாதவர்களிடம் ஒரு கிடேரிக் கன்றை விடுவார்கள். அவர்கள் தீனி போட்டு வளர்ப்பார்கள். பால் அவர்களுக்கு. பிறக்கிற கன்றுகளில் ஆளுக்குப் பாதி. தாய் மாடு, விட்டவர்களுடையதுதான். இதற்குக் காகிதம் எதுவும் கிடையாது, வாய்ப் பேச்சுதான்.

வெள்ளச்சி என் சிவப்பி போட்ட கன்று. என் மாடு. செங்கமலத்தின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அவளிடம் வாரத்துக்கு விட்டேன். அப்போது அவள் ஒன்று கேட்டாள். "வாரம்னு வெளில சொல்லாதடி. புருசனும் இல்ல, கட்டியிருக்கிற மாடும் அடுத்தவ மாடுன்னு தெரிஞ்சா, என் பொண்ணக் கேட்டு எவன் வாசப்படி ஏறுவான்?" என்றாள். சரி என்றேன். அவள் பெயரிலேயே சொசைட்டியில் சேர்ந்து பால் ஊற்றினாள். இப்போது அவள் மகள் உமாராணிக்கு வடலூர்ப் பக்கம் ஒரு இடம் பேசியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து கொட்டகையை எட்டிப்பார்த்து, சொந்த மாடுதானே என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆடி கழிந்ததும் நிச்சயம்.

தூள் மூட்டையைக் கொடுத்தபோது நீ என்ன சொன்னாய்? "உன் மாட்டுக்கெல்லாம் தினமும் வை, ஒண்ணக்கூட விட்டுடாத" என்றாய். நான் என் மாட்டுக்கெல்லாம் வைத்தேன். வெள்ளச்சியின் பங்கைச் செங்கமலத்திடம் கொடுத்துக் கழுநீரில் கலக்கச் சொன்னேன். உன் தாளில் எந்தக் கொட்டகை என்று இருந்ததே தவிர, யாருடைய மாடு என்று நீயும் கேட்கவில்லை. ஒரு மாட்டுக்கு வைத்து ஒரு மாட்டை விட்டால் அது என்ன நியாயம் என்றுதான் நினைத்தேன். தின்னாத மாடும் உனக்கு வேண்டும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் அவள் மகள் கல்யாணம் அங்கேயே நின்றுபோயிருக்கும். அவள் சொல்வாள் என்று பார்த்தேன். அவள் தெரியாது என்றாள். என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமே இருந்துகொண்டு, அதற்குப் பிறகு இன்றுவரை அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இதை யாரிடமும் சொல்லாதே. உன் மேடத்திடமும்தான். சொன்னால் இந்த ஜென்மத்துக்கு உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

தமயந்தி


நெய்வேலி
10 ஆகஸ்ட் 2025

தமயந்தி,

கிழித்துவிட்டேன். கிழிப்பதற்கு முன் பல முறை படித்தேன், அதையும் மறைக்கவில்லை.

எனக்கு அவமானமாக இருக்கிறது. இதை அழகாகச் சொல்லத் தெரியவில்லை. நீ ஒருத்தியின் மானத்தைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டு நின்றாய். நான் அந்த மௌனத்தையே உனக்கு எதிரான சாட்சியாக ஊர் முன்னால் காட்டினேன். பதினைந்து வருடப் பழக்கத்தில் ஒரு தடவையாவது நீ எதையாவது விற்றுத் தின்று பார்த்திருக்கிறேனா? ஒரு குப்பியை நம்பினேன், உன்னை நம்பவில்லை. குப்பி சரியாகத்தான் சொன்னது. எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். வெள்ளச்சியைத் தூள் தின்ற மாடுகளின் பக்கம் மாற்றிவைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் ஊரில் தூள் தின்ற ஒவ்வொரு மாட்டுக்கும் வாயு குறைந்திருக்கிறது, தின்னாத ஒரு மாட்டுக்கும் குறையவில்லை. மற்ற எந்த ஊரிலும் இவ்வளவு தெளிவாக வரவில்லை. இந்தத் தூளில் சரக்கு இருக்கிறது, தமயந்தி. ஆனால் ஏன் பக்கம் மாற்றினாய் என்று கேட்பார்கள். மாட்டுக்காரர் பெயரை எழுதி, அவர்கள் கையெழுத்தும் வாங்கிவைக்க வேண்டும். அது முடியாது. உங்கள் ஊரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடப் போகிறேன். இன்னொரு வருடம், இன்னொரு ஊரில் பார்த்துக்கொள்ளலாம்.

காரணத்தை மாற்றிவிட்டேன். "களப்பணியாளர் சரியாக விசாரிக்கவில்லை" என்று எழுதினேன். களப்பணியாளர் நான்தான். மணிமொழி மேடம் படித்துவிட்டு, இதை அனுப்பினால் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க அவரால் பேச முடியாது என்றார். நல்ல மனுஷி, இரண்டு தடவை யோசிக்கச் சொன்னார். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் உங்கள் சொசைட்டிக்கு வருகிறேன். வாரம் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வராது. நீ வரவேண்டும் என்று இல்லை.

வினோ


மேட்டுத்தெரு
26 ஆகஸ்ட் 2025

வினோ,

நான் வந்திருந்தேன். டெஸ்ட் ரூம் பக்கத்தில், கேன்களுக்குப் பின்னால் நின்றேன். ஒளிவதற்கு நீ மட்டும்தானா?

நீ பேசிய ஒவ்வொரு சொல்லும் காதில் இருக்கிறது. "தப்பு என்னுது. எந்த மாட்டுக்கு வைக்கணும்னு நான் ஒழுங்கா சொல்லிக் குடுக்கல. தமயந்தி ஒரு பிடி தூள்கூட விக்கல. வித்தான்னு நான் சொன்னது பொய்." யாரோ சிரித்தார்கள். படித்தவர்களுக்கே மாடு பிடிபடவில்லை என்று ஒருவர் சொன்னார். நீ சிரித்தவர்களையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாய். உன் புடவைத் தலைப்பு ஆடிக்கொண்டிருந்தது. அங்கே காற்று எதுவும் இல்லை.

சாவி வந்துவிட்டது. சிங்காரவேல் அண்ணன் இந்த முறை முகத்தைப் பார்த்துக் கொடுத்தார். மறுநாள் வரிசையில் முதல் கேன் செங்கமலத்துடையது. டிகிரி பார்த்தேன். அவள் பாலில் என்றைக்குமே குறை இருந்ததில்லை. அதைச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று பொழுது சாய வெள்ளச்சியைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு வந்து என் கொட்டகையில் கட்டிவிட்டாள். "உன் மாடு. நீயே வச்சிக்க" என்றாள். "வாரம் பேசினது பேசினதுதான், புடிச்சிகினு போ" என்றேன். அவள் கேட்காமல் போனாள். நான் அவிழ்த்துக்கொண்டு போய் அவள் கொட்டகையில் கட்டினேன். திரும்ப இழுத்து வந்தாள். வெள்ளச்சி நடுவழியில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துப் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டது. உன் ஆகாசத்துக்குக் கொஞ்சம் சேதம்தான். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கடைசியில் மாடு அவள் கொட்டகைக்குத்தான் போனது, ஆனால் அவள் சமாதானமாகிவிட்டாள் என்று நினைக்காதே.

என்னை நல்லவள் என்று எழுதியிருக்கிறாய். அதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆடிக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு தடவை வந்தார்கள். நான் தேவையே இல்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வாசல் வழியாகப் போனேன், வந்தேன், மறுபடியும் போனேன். அந்த மாடு யாருடையது என்று என்னை ஒருவர் கேட்டுவிட மாட்டார்களா என்று இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான் என் நல்ல குணம். செங்கமலம் என் காலடியில் உட்கார்ந்து அழுதபோது எனக்குத்தான் உடம்பு கூசியது.

அப்பாவிடம் சொல்லிவிட்டாயா? மோர் கொடுத்தனுப்புகிறேன்.

தமயந்தி


நெய்வேலி
7 செப்டம்பர் 2025

அன்புள்ள தமயந்தி,

அப்பாவிடம் சொன்னேன். நீ கொடுத்தனுப்பிய மோரை டம்ளரில் ஊற்றினார். பிறகு, "தப்ப ஒத்துகினியா, அது போதும்" என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்தார். இப்போது வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போயிருக்கிறார். கான்ட்ராக்ட் முடிந்த பிறகு எனக்கு வேறு வேலை கிடைக்க வேண்டிக்கொள்வாராம்.

நேற்று வீட்டில் நான் மட்டும் இருந்தபோது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் செங்கமலம். பால் வண்டியில் வேலுமணி அண்ணனோடு வந்திருக்கிறாள். கல்யாணத்துக்குப் போவதுபோல் நல்ல புடவை கட்டியிருந்தாள். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. "நம்மூர் மாட்டுத் தாள எடுங்க" என்றாள்.

எதற்கு என்றேன். "வெள்ளச்சி என் மாடு இல்லீங்க. தமயந்தி மாடு. எழுதிக்கங்க" என்றாள்.

நான் பதறிப்போனேன். வேண்டாம், ஊரையே கணக்கிலிருந்து எடுத்தாகிவிட்டது, உமாராணியை நினைத்துப் பாருங்கள் என்றேன். தாளை மேலே அனுப்பியாகிவிட்டதா என்று கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். புதன்கிழமைதான் அனுப்புவார்கள் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"காலைல வடலூர் போயி சம்பந்தி வூட்ல சொல்லிட்டுத்தான் வரேன். வாரத்து மாடு, இஷ்டம்னா வாங்க, இல்லன்னா வேணாம்னு சொன்னேன். இன்னும் பதில் சொல்லல. எனக்காக அவ தலையக் குனிஞ்சிகினு நின்னா. நீங்க வந்து குனிஞ்சிகினு நின்னீங்க. நான் மட்டும் நிமுந்துகினு நிச்சயம் பண்ணா, அந்தச் சோறு இறங்குமா?"

தாளை எடுத்தேன். மாட்டுக்காரர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். அவள் பேனாவைக் கேட்டு வாங்கினாள். அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். உன் பெயருக்குக் கீழே, எழுத்துக் கூட்டி, "வாரத்துக்கு வளர்ப்பவள் செங்கமலம்" என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தப்பில்லாமல் எழுதியிருக்கிறேனா பாருங்கள் என்று தாளை என் பக்கம் திருப்பினாள். எனக்குக் கண் மறைத்தது. சரியாக இருக்கிறது என்று படிக்காமலே சொன்னேன்.

வெள்ளச்சி பக்கம் மாறிவிட்டது. உங்கள் ஊர் கணக்கில் நிற்கிறது. தூள் வேலை செய்கிறது என்று சொல்ல இனி ஒரு ஊராவது இருக்கிறது. மணிமொழி மேடம் போனில் சந்தோஷமாகக் கத்தினார். நான் கத்தவில்லை. மாடு யாருடையது என்று முதல் நாளே உன் கொட்டகையில் டீ குடித்துக்கொண்டு கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அந்த ஒரு கேள்வியை நான் கேட்காததற்காக அவள் தன் மகள் கல்யாணத்தைப் பணயமாக வைத்து, பால் வண்டியில் ஏறி வந்து பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

நாளை மாதாவின் பிறந்தநாள் பூசை முடிந்ததும் வருகிறேன். முதலில் செங்கமலம் வீடு, பிறகுதான் உன் வீடு. வடலூரிலிருந்து பதில் வரும்வரை அவள் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டாம். குள்ளஞ்சாவடியில் அதே டீக்கடை வாசலில் இறங்குவேன். பஸ் போன பிறகும் அங்கேயே நிற்பேன். எல்லோரும் பார்க்கட்டும்.

வினோ